போனின் முகம் மாறியது

கையில் இருக்கும் போன்

நம் ஊர் மார்டள்ளி. நாம் வீட்டில் பேசுவது தமிழ். பேருந்துப் பலகையில் இருப்பது கன்னடம். கையில் இருக்கும் போனில் பெரும்பாலும் ஆங்கிலம்.

பிள்ளைகள் வேலைக்காக வெளியூர் போகிறார்கள். அவர்கள் குரலைக் கேட்பது போனில்தான். வங்கியில் பணம் ஏறியதா? போனில்தான் செய்தி வருகிறது. ஆஸ்பத்திரிக்கு வண்டி வேண்டுமா? போனில்தான் கூப்பிடுகிறோம்.

அந்தப் போன் ஒரு நாள் திடீரென்று வேறு மாதிரி ஆகிவிட்டால் என்ன செய்வது?

ஒரு பெரியம்மாவை நினைத்துக் கொள்வோம். வயது 58. கற்போர் மையத்தில் படிக்கிறார். எழுத்துக் கூட்டிப் படிப்பார். தம் பெயரை எழுதுவார். ஆனால் போனை அவர் படித்துப் பயன்படுத்தவில்லை. பழக்கத்தில் பயன்படுத்தினார். மணி அடித்தால் விரலை மேலே இழுக்க வேண்டும். மகன் பேசுவான். கீழே இழுத்தால் கட் ஆகிவிடும். இது அவருக்கு மனப்பாடம்.

ஒரு நாள் மாலை போன் அடித்தது. திரை புதிதாக இருந்தது. பெரியம்மா விரலை மேலே இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் இழுத்தார். மணி அடித்து நின்றுவிட்டது. மகன் மூன்று முறை கூப்பிட்டான். மூன்று முறையும் அவரால் எடுக்க முடியவில்லை.

அங்கே மகனுக்குப் பயம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தான். "அம்மாவுக்கு என்ன ஆச்சு? கொஞ்சம் போய்ப் பாருங்க" என்றான்.

மறுநாள் பெரியம்மா போனோடு மையத்துக்கு வந்தார்.

பெரியம்மா: தம்பி, என் போன் கெட்டுப் போச்சு. நான்தான் எதையோ அமுக்கிட்டேன் போல.

தொண்டர்: காட்டுங்க பெரியம்மா. கெட்டுப் போகல. அப்டேட் ஆகியிருக்கு.

பெரியம்மா: நான் ஒண்ணும் பண்ணலையே!

தொண்டர்: நீங்க பண்ண வேண்டியதில்ல. போன் சும்மா கிடக்குற நேரத்துல அது தானாவே ஆயிடும்.

பெரியம்மா: இது என் போன். காசு குடுத்து வாங்கினது. என்னைக் கேக்காம அது எப்படி மாறும்?

இது நியாயமான கேள்வி. இதே கேள்வியை நாடு முழுவதும் பலர் கேட்டார்கள்.

2025இல் என்ன நடந்தது?

2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். இந்தியாவில் பலருடைய போனில் ஒரே சமயத்தில் ஒரு மாற்றம் வந்தது. போன் பேசும் திரை மாறிவிட்டது. பொத்தான்கள் பெரிதாகவும் உருண்டையாகவும் ஆகிவிட்டன. பெயர்ப் பட்டியல் இருந்த இடத்தில் இல்லை. போன் எடுக்கும் முறையும் மாறிவிட்டது.

பலர் பயந்து போனார்கள். "என் போனை யாரோ திருடன் பிடித்துவிட்டானா?" என்று கேட்டார்கள். "நான் எதையும் அப்டேட் செய்யவில்லையே!" என்றார்கள். படித்தவர்களும் கேட்டார்கள். அலுவலகத்தில் வேலை செய்பவர்களும் கேட்டார்கள்.

நடந்தது இதுதான். பல கம்பெனி போன்களில் பேசுவதற்கு கூகுள் நிறுவனத்தின் செயலி இருக்கிறது. அந்தச் செயலிக்கு கூகுள் புது உருவம் கொடுத்தது. இந்தப் புது உருவத்தைப் பற்றி அந்த நிறுவனம் 2025 மே மாதமே அறிவித்திருந்தது. ஆனால் அந்த அறிவிப்பைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? வயலில் வேலை செய்பவருக்கு அது எப்படித் தெரியும்?

மூன்று பெரிய மாற்றங்கள் வந்தன.

1. பழைய முறையில் விரலை மேலே இழுத்தால் பேசலாம். கீழே இழுத்தால் கட் ஆகும். புது முறையில் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். வலது பக்கம் இழுத்தால் பேசலாம். இடது பக்கம் இழுத்தால் கட் ஆகும்.

2. அடிக்கடி பேசும் ஆட்களின் பெயர்கள் ஒரு பக்கத்தில் இருந்தன. வந்த அழைப்புகளின் பட்டியல் வேறு பக்கத்தில் இருந்தது. இரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்த்துவிட்டார்கள்.

3. எல்லாப் பெயர்களும் உள்ள பட்டியலை ஓரத்தில் உள்ள பட்டியலுக்குள் கொண்டு போய் வைத்தார்கள்.

இதற்குக் காரணமும் சொன்னார்கள். பையிலிருந்து போனை எடுக்கும்போது தெரியாமல் விரல் படுகிறது. அழைப்பு கட் ஆகிறது. பக்கவாட்டில் இழுத்தால் அந்தத் தவறு நடக்காது என்றார்கள். காரணம் சரியாக இருக்கலாம். ஆனால் அது பெரியம்மாவுக்குத் தெரியாதே! காரணம் சொன்னால் போதாது. அது போய்ச் சேர வேண்டும்.

ஆகவே, போன் மாறியது பெரியம்மாவின் தவறு அல்ல. எதையோ அமுக்கிவிட்டோம் என்று அவர் பயப்படத் தேவையில்லை. நாமும் பயப்படத் தேவையில்லை.

அப்டேட் என்றால் என்ன?

அப்டேட் என்றால் புதுப்பிப்பது. வீட்டுக்கு வெள்ளை அடிப்பதைப் போல. ஓட்டை ஓட்டை மாற்றுவதைப் போல.

போனை ஒரு வீடு என்று வைத்துக் கொள்வோம். வீட்டுக்கு அடித்தளம், சுவர், கூரை வேண்டும். போனிலும் அப்படி ஒன்று இருக்கிறது. அதற்கு இயங்குதளம் என்று பெயர். போனில் உள்ள எல்லா வேலையும் அதன் மேல்தான் நடக்கிறது.

வீட்டுக்குள் அடுப்பு, பெட்டி, கட்டில் இருக்கும். போனுக்குள் செயலிகள் இருக்கும். வாட்ஸ்அப் ஒரு செயலி. பணம் அனுப்புவது ஒரு செயலி. போன் பேசுவதும் ஒரு செயலிதான்.

நம் ஊரில் பலரிடம் இருப்பது ஆண்ட்ராய்டு போன். ஆண்ட்ராய்டு என்பது இயங்குதளத்தின் பெயர். ஆண்ட்ராய்டு உள்ள முதல் போன் 2008இல் விற்பனைக்கு வந்தது. அதன் 16ஆம் பதிப்பு 2025 ஜூன் மாதம் வெளியானது. ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோனுக்கு வேறு இயங்குதளம் உண்டு. அதன் பெயர் ஐ.ஓ.எஸ்.

அப்டேட் இரண்டு வகை.

சின்ன அப்டேட்: ஒரு செயலியை மட்டும் மாற்றும். பெரும்பாலும் நம்மைக் கேட்காமலே வந்துவிடும். பெரியம்மாவின் போனில் வந்தது இதுதான்.

பெரிய அப்டேட்: இயங்குதளத்தையே மாற்றும். இது வருவதற்கு முன் போன் பெரும்பாலும் நம்மிடம் கேட்கும். இது முடியக் கொஞ்ச நேரம் ஆகும். போன் அணைந்து மறுபடியும் வரும்.

ஏன் அப்டேட் அனுப்புகிறார்கள்?

பெரியம்மா: இருந்தது நல்லாத்தானே இருந்துச்சு? எதுக்கு மாத்தணும்?

தொண்டர்: கதவுல ஓட்டை இருந்தா என்ன பண்ணுவீங்க பெரியம்மா?

பெரியம்மா: அடைப்பேன். இல்லாட்டி திருடன் வருவான்.

தொண்டர்: போனுலயும் ஓட்டை உண்டு. அதை அடைக்கத்தான் பல அப்டேட் வருது.

இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 2017ஆம் ஆண்டு மே மாதம் உலகத்தில் பல கம்ப்யூட்டர்கள் முடங்கின. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள் முடங்கின. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளில் வேலை நின்றது. 'பணம் கொடுத்தால்தான் திறப்போம்' என்று திரையில் எழுத்து வந்தது. அதற்கு 'வானாக்ரை' என்று பெயர்.

அந்தத் திருடர்கள் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் முன்பே வந்துவிட்டது. அதே ஆண்டு மார்ச் மாதமே மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதை அனுப்பியிருந்தது. அதைப் போடாமல் விட்ட கம்ப்யூட்டர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொண்டன.

இன்னொரு காரணமும் உண்டு. பழைய போனில் சில செயலிகள் நின்றுவிடும். 2023 அக்டோபர் 24ஆம் தேதி வாட்ஸ்அப் ஒரு மாற்றம் செய்தது. ஆண்ட்ராய்டு 5ஆம் பதிப்புக்கு முந்தைய போன்களுக்கு ஆதரவை நிறுத்தியது. போன் நன்றாகத்தான் இருந்தது. மணி அடித்தது. பேச முடிந்தது. ஆனால் வாட்ஸ்அப்பை நம்பியிருக்க முடியவில்லை.

ஆகவே அப்டேட்டே வேண்டாம் என்று இருக்க முடியாது. ஓட்டையை அடைக்கத்தான் வேண்டும். ஆனால் ஓட்டையை அடைக்க வந்தவர் வீட்டுச் சாமான்களையும் இடம் மாற்றி வைக்கிறார். நம் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

மக்கள் கேட்டார்கள்

அப்டேட்டுக்குப் பிறகு வேறு தொல்லைகளும் வருவது உண்டு. சில போன் மெதுவாகிவிடும். சிலவற்றில் சார்ஜ் சீக்கிரம் தீரும். சிலவற்றில் இடம் போதாது. கம்பெனி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் மக்கள் இதைக் கேட்டிருக்கிறார்கள். மூன்று செய்திகளைப் பார்ப்போம்.

முதல் செய்தி. 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. அதன் அப்டேட் பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைக் குறைத்தது. பழைய பேட்டரியால் போன் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்கவே அப்படிச் செய்தோம் என்றார்கள். ஆனால் அதை வாங்கியவர்களிடம் தெளிவாகச் சொல்லவில்லை. மக்கள் கோபப்பட்டார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அமெரிக்காவில் புது பேட்டரி மாற்ற 79 டாலர் வாங்கி வந்தது. அதை 29 டாலராகக் குறைத்தது.

இரண்டாவது செய்தி. 2018 அக்டோபரில் இத்தாலி நாட்டு அரசு அமைப்பு ஒன்று அபராதம் போட்டது. ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ. சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ. யூரோ என்பது அந்த நாட்டுப் பணம். 'அப்டேட் போட்டால் பழைய போன் மெதுவாகும் என்று மக்களிடம் நீங்கள் சொல்லவில்லை' என்பதுதான் குற்றம்.

மூன்றாவது செய்தி நம் நாட்டில் நடந்தது. ஐபோனுக்கு ஐ.ஓ.எஸ். 18 என்ற பெரிய அப்டேட் 2024 செப்டம்பரில் வந்தது. அதன் பிறகு போன் சரியாக வேலை செய்யவில்லை என்று பலர் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்தார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிள் நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. விளக்கம் கேட்டது. நுகர்வோர் நலத்துறை அமைச்சர் பிரகலாத் ஜோஷி 2025 ஜனவரியில் இதைத் தெரிவித்தார்.

புகார் செய்தவர்கள் யார்? போனை வாங்கிய மக்கள்தான். ஒருவர் மட்டும் சொன்னால் அது முணுமுணுப்பு. பலர் எழுதிக் கொடுத்தால் அது புகார்.

படமா? எழுத்தா?

சமையல் அறையை நினைத்துப் பாருங்கள். அலமாரியில் பத்து டப்பாக்கள். எல்லாம் ஒரே மாதிரி. முதல் டப்பாவில் உப்பு. இரண்டாவதில் சர்க்கரை. மூன்றாவதில் சோடா மாவு. நமக்கு இடம் மனப்பாடம். இருட்டிலும் கை சரியாகப் போகும்.

ஒரு நாள் மருமகள் அலமாரியைத் துடைக்கிறாள். டப்பாக்களை மாற்றி வைக்கிறாள். அன்று காப்பியில் உப்பு விழும்!

டப்பாவின் மேல் பெயர் எழுதி ஒட்டியிருந்தால்? எந்த இடத்தில் வைத்தாலும் படித்து எடுக்கலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

போனும் அப்படித்தான். இடத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் அப்டேட் வந்ததும் திகைத்து நிற்பார். எழுத்தைப் படிப்பவர் கொஞ்சம் தடுமாறுவார். ஆனால் வழி கண்டுபிடிப்பார். சில நேரம் சொல்லும் மாறும். அப்போதும் பயப்பட வேண்டாம். திரையில் உள்ள எல்லாச் சொற்களையும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். வேண்டியது எங்கோ இருக்கும்.

ஆனால் ஒரு தடை இருக்கிறது. நாம் கற்றது தமிழ் எழுத்து. போனில் இருப்பது ஆங்கில எழுத்து. இந்தத் தடையை நீக்கலாம். போனைத் தமிழுக்கு மாற்றலாம்.

தொண்டர்: பெரியம்மா, போனைத் தமிழுக்கு மாத்திட்டேன். இப்போ உங்களுக்கு ஒரு போன் போடுறேன். எடுக்காதீங்க. முதல்ல திரையில என்ன எழுதியிருக்குன்னு படிங்க.

பெரியம்மா: இந்தப் பக்கம்... நி...ரா...க...ரி. நிராகரி. அந்தப் பக்கம்... ப...தி...ல...ளி. பதிலளி.

தொண்டர்: நிராகரின்னா என்ன?

பெரியம்மா: வேண்டாம்னு சொல்றது.

தொண்டர்: பதிலளி?

பெரியம்மா: பதில் சொல்றது. அப்போ மகன் கூப்பிட்டா இந்தப் பக்கம் இழுக்கணும்! இவ்வளவுதானா? இதுக்கா ராத்திரி முழுக்கத் தூங்காம கிடந்தேன்?

தொண்டர்: உங்க கைக்கு இழுக்குறது கஷ்டமா இருந்தா, தொட்டாலே போதும்னு மாத்தி வைக்கலாம். வேணுமா?

பெரியம்மா: வேண்டாம் தம்பி. படிச்சுட்டேன் இல்ல? இனிமே எங்க வச்சாலும் கண்டுபிடிச்சிடுவேன்.

போனைத் தமிழுக்கு மாற்றுவது எப்படி?

இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

1. பல் சக்கரம் போன்ற ஒரு படம் இருக்கும். அதைத் தொடுங்கள். அதன் பெயர் 'செட்டிங்ஸ்'. தமிழில் 'அமைப்புகள்'.

2. அதில் 'சிஸ்டம்' என்ற பகுதிக்குப் போக வேண்டும். அங்கே 'லாங்குவேஜ்' என்று இருக்கும். லாங்குவேஜ் என்றால் மொழி. சில போன்களில் இது வேறு பகுதியில் இருக்கும். அமைப்புகளின் மேலே தேடும் கட்டம் இருக்கும். அதில் மொழி என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டுத் தேடலாம்.

3. மொழிப் பட்டியலில் 'தமிழ்' என்று தமிழிலேயே எழுதியிருக்கும். அதை நீங்களே படித்துத் தேர்ந்தெடுங்கள்.

4. அதைப் பட்டியலில் முதல் இடத்துக்குக் கொண்டு வாருங்கள்.

சொற்கள் முதலில் கடினமாகத் தெரியும். ஒரு வாரம் பொறுங்கள். நாளுக்கு மூன்று சொல் படியுங்கள். பிறகு பழகிவிடும். ஒரு சில செயலிகள் மட்டும் ஆங்கிலத்திலேயே இருக்கலாம்.

அப்டேட் வந்தால் என்ன செய்யலாம்?

அவசரப்பட வேண்டாம். 'பிறகு' என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பெரிய அப்டேட்டைச் சில நாள் கழித்துப் போடலாம். முதலில் போட்டவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். ஆனால் பாதுகாப்பு அப்டேட்டை மாதக்கணக்கில் தள்ளிப் போடாதீர்கள்.

நேரம் பார்த்துப் போடுங்கள். வெளியூரிலிருந்து போன் வரும் நேரத்தில் போட வேண்டாம். ஆஸ்பத்திரிக்கோ வங்கிக்கோ போகும் நாளில் வேண்டாம்.

சார்ஜ் பாருங்கள். பாதிக்கு மேல் இருக்க வேண்டும். பாதியில் அணைந்தால் தொல்லை. பெரிய அப்டேட்டுக்கு நெட்டும் அதிகம் செலவாகும்.

இடம் பாருங்கள். வேண்டாத வீடியோக்களை அழித்துவிடுங்கள். வேண்டிய படங்களை முதலில் வேறு இடத்தில் சேமித்து வையுங்கள்.

எண்களை நோட்டில் எழுதுங்கள். இதுதான் மிக முக்கியம். மகன், மகள், பக்கத்து வீடு, டாக்டர், தெரிந்த வண்டிக்காரர். ஐந்து பெயர், ஐந்து எண். உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். போன் மாறினாலும், தொலைந்தாலும், தண்ணீரில் விழுந்தாலும் நோட்டு இருக்கும். அதில் 112 என்ற எண்ணையும் எழுதுங்கள். அது அவசர உதவி எண்.

போட்ட பிறகு பழகிப் பாருங்கள். வீட்டில் ஒருவரைப் போன் செய்யச் சொல்லுங்கள். எடுத்துப் பாருங்கள். கட் செய்து பாருங்கள். நீங்களும் ஒரு முறை கூப்பிட்டுப் பாருங்கள்.

பழைய உருவம்தான் வேண்டும் என்றால் சில செயலிகளில் வழி உண்டு. அப்டேட்டை மட்டும் நீக்கலாம். 2025இல் பலர் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் அது மறுபடியும் வரலாம். இயங்குதளத்தின் பெரிய அப்டேட்டை அப்படி எளிதாக நீக்க முடியாது. அதனால் போடும் முன்பே யோசியுங்கள்.

கவனம்! பொய் அப்டேட்

உண்மையான அப்டேட் எங்கிருந்து வரும்? போனின் அமைப்புகளில் இருந்து வரும். செயலி என்றால் பிளே ஸ்டோரில் இருந்து வரும்.

வாட்ஸ்அப்பில் வராது. குறுஞ்செய்தியில் உள்ள நீல எழுத்தைத் தொட்டு வராது. யாரும் போன் செய்து சொல்லவும் மாட்டார்கள்.

"இதை அப்டேட் செய்யாவிட்டால் உங்கள் வங்கிக் கணக்கு நின்றுவிடும்" என்று செய்தி வரும். அதைத் தொட்டால் திருட்டுச் செயலி போனுக்குள் நுழையும். நம் செய்திகளைப் படிக்கும். ஓ.டி.பி. எண்ணைத் திருடும். பணம் போய்விடும்.

போன் திடீரென்று மாறிக் குழம்பி நிற்கும் நேரத்தில் "நான் சரி செய்து தருகிறேன், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று யாராவது கேட்கலாம். சொல்லாதீர்கள். அப்டேட்டுக்காக அந்நியர் கேட்கும் ஓ.டி.பி.யைக் கொடுக்கவே கூடாது.

பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அது இணையப் பண மோசடிக்கான உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவு நல்லது. வங்கிக்கும் உடனே சொல்லுங்கள்.

புகார் சொல்வது எப்படி?

அப்டேட்டால் போன் கெட்டுவிட்டதா? திரையில் கோடு விழுந்துவிட்டதா? முதலில் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். போன் வாங்கிய பில்லை எடுத்துப் போங்கள். போனைக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். ரசீதைப் படித்துப் பாருங்கள். தேதி சரியா? போன் பெயர் சரியா? என்ன குறை என்று எழுதியிருக்கிறதா? எல்லாம் பார்த்த பிறகு வாருங்கள்.

அங்கே தீரவில்லையா? 1915 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். இது தேசிய நுகர்வோர் உதவி எண். 17 மொழிகளில் பேசலாம். தமிழும் உண்டு, கன்னடமும் உண்டு. அவர்கள் ஒரு புகார் எண் தருவார்கள். அதை நோட்டில் எழுதி வையுங்கள்.

அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்கு இந்த உரிமையைத் தருகிறது.

காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பற்றிக் கேள்வி கேட்பது சண்டை அல்ல. அது உரிமை. "எனக்குப் படிப்பு இல்லை, நான் என்ன கேட்பது?" என்று இனி சொல்ல வேண்டாம். இந்தப் பாடத்தை இதுவரை படித்து வந்தது நீங்கள்தானே!

புதிய சொற்கள்

இயங்குதளம் – போனின் எல்லா வேலைக்கும் அடித்தளம்
செயலி – போனில் ஒரு வேலையைச் செய்யும் பகுதி
அமைப்புகள் – போனை நம் விருப்பம் போல மாற்றும் இடம்
பதிலளி – போனை எடுத்துப் பேசு
நிராகரி – வேண்டாம் என்று தள்ளு
நுகர்வோர் – காசு கொடுத்துப் பொருள் வாங்குபவர்

விடை எழுதுங்கள்

1. பெரியம்மாவால் மகனின் போனை ஏன் எடுக்க முடியவில்லை?
2. சின்ன அப்டேட்டுக்கும் பெரிய அப்டேட்டுக்கும் என்ன வேறுபாடு?
3. 2017 மே மாதம் கம்ப்யூட்டர்கள் ஏன் முடங்கின?
4. இத்தாலியில் இரண்டு கம்பெனிகளுக்கு ஏன் அபராதம் போட்டார்கள்?
5. உண்மையான அப்டேட் எங்கிருந்து வரும்?

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. அவசர உதவி எண் ________.
2. பணம் திருடு போனால் கூப்பிட வேண்டிய எண் ________.
3. தேசிய நுகர்வோர் உதவி எண் ________.
4. இடம் மாறினாலும் ________ படித்தால் வழி தெரியும்.

செய்து பாருங்கள்

உங்கள் போனைத் தமிழுக்கு மாற்றுங்கள். திரையில் தெரியும் பத்துச் சொற்களை நோட்டில் எழுதுங்கள். அவற்றின் பொருளைப் பக்கத்தில் எழுதுங்கள்.

வீட்டில் படிக்கத் தெரியாதவர் யாராவது இருக்கிறார்களா? அவருக்கு 'பதிலளி', 'நிராகரி' என்ற இரண்டு சொற்களையும் சொல்லிக் கொடுங்கள்.

குழுவில் பேசுங்கள்

உங்கள் போனில் கடைசியாக என்ன மாறியது? அதனால் என்ன தொல்லை வந்தது? யார் உதவினார்கள்? போன் செய்பவர்களிடம் ஒரே ஒரு விஷயம் கேட்கலாம் என்றால் நீங்கள் எதைக் கேட்பீர்கள்? எல்லோரும் சொன்ன பிறகு, அதை ஒருவர் தாளில் எழுதுங்கள். மற்றவர்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.